எம்.எஸ்ஸி. கணிதத்தில் எலக்டிவ் எடுக்கும் முன் எனக்கு ஒருவரும் சொல்லாதவை

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வின் வழியாக வட மாநிலத்து உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் எம்.எஸ்ஸி. சேர்ந்து, மூன்றாம் செமஸ்டரில் எடுத்த ஒரே ஒரு விருப்பப் பாடத்தால் ஓராண்டை இழந்தவள் நான். பயிற்சி மையத்துக்குக் கட்டியதில் தொடங்கிக் கணக்குப் பார்த்தால், வீட்டுக்கு ஏற்பட்ட செலவும் இழப்பும் ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணம் அதில் பாதிக்கு மேல் இருக்கும். உயர்கணிதம் படிப்பதைப் பற்றி அந்த நாட்களில் நான் தமிழில் தேடியபோது, கணிதம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பதைச் சொல்லப் பலர் இருந்தார்கள். எந்தப் பாடத்தை எதற்குப் பிறகு எடுக்க வேண்டும், ஓர் அல்ஜீப்ரா கணக்கை மற்றவர்களோடு உட்கார்ந்து எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து இதே வழியில் கிளம்பும் பிள்ளைகளுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் பி.எஸ்ஸி.யைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் அல்ஜீப்ரா தாளில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்தான். லாக்ராஞ்சி தேற்றத்தைக் கூறி நிறுவுக, கெய்லி தேற்றத்தைக் கூறி நிறுவுக என்று வினாக்கள் வரும். நோட்டில் இருக்கும் நிரூபணத்தை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். முந்தைய ஐந்தாண்டு வினாத்தாள்களை எடுத்துக்கொண்டால் போதும், வரவிருக்கும் வினாக்களில் பெரும்பகுதியைக் கணித்துவிடலாம். எங்கள் பேராசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எண்பது பேர் உட்கார்ந்த வகுப்பில், பாதிப் பேர் தமிழ்வழியில் வந்தவர்களாக இருக்கும்போது, பாடத்திட்டத்தை முடித்துக் கொடுப்பதே அவர்களுக்குப் பெரும் பாடாக இருந்தது. ஆனால் ஒரு தேற்றத்தின் மறுதலை, அதாவது அதைத் திருப்பிப் போட்ட கூற்று, உண்மையா என்று அந்த மூன்றாண்டுகளில் எங்களை ஒருவரும் கேட்டதில்லை, கேட்கலாம் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

அடுத்தது ஜாம். மூன்றாம் ஆண்டில் வார இறுதி வகுப்புகளுக்காக ஒரு பயிற்சி மையத்தில் 32,000 ரூபாய் கட்டினேன். அங்கே கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு குறுக்குவழிகள்: இன்ன குலத்தில் (கணிதத்தில் குரூப் என்பது) இன்ன வரிசையுள்ள உறுப்புகள் எத்தனை, இத்தனை உறுப்புகள் கொண்ட ஏபீலியன் குலங்கள் எத்தனை வகை என்பன போன்றவற்றை அட்டவணையாக மனப்பாடம் செய்தோம். ஜாம் கணிதத் தாளின் அமைப்புக்கு அது போதுமானதாகவும் இருந்தது. 60 வினாக்கள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பவை, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடியவை, எண்ணை விடையாகத் தருபவை என மூன்று பகுதிகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது முதல் பகுதியில் மட்டுமே. தாள் முழுவதிலும் ஒரு வரி நிரூபணம்கூட எழுத வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் குலங்களும் நேரியல் அல்ஜீப்ராவும் உண்டு; வளையங்களும் (ரிங்) ஃபீல்டுகளும் கிடையாது. எனவே ஜாமில் நல்ல ரேங்க் எடுத்தவர், வளையத்தில் ஐடியல் என்றால் என்னவென்று ஒரு கணக்கில்கூடப் பயன்படுத்திப் பார்க்காமலே எம்.எஸ்ஸி. வகுப்புக்குள் நுழைந்துவிட முடியும். நான் அப்படித்தான் நுழைந்தேன்.

இந்த இடத்தில் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஜாமின் பழைய வினாத்தாள்கள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. என்.பி.டெல் தளத்தில் குலக் கோட்பாடு, நேரியல் அல்ஜீப்ரா, மெய்ப் பகுப்பாய்வு ஆகியவற்றுக்குக் கட்டணமில்லாத முழுநீள வகுப்புகள் இருக்கின்றன. சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் பணம் கட்ட வேண்டும். இவற்றை வைத்துப் படிக்கும் ஒழுங்கு உங்களுக்கு இருக்குமானால் பயிற்சி மையத்தின் பணம் மிச்சம். அதைவிட முக்கியமானது, சென்னையை அடுத்த சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தின் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு. அந்தத் தாளில் நிரூபணத்தை எழுதிக் காட்ட வேண்டிய வினாக்கள் இருக்கும். அதன் பழைய தாள்களும் இணையத்தில் உள்ளன. அங்கே சேரும் எண்ணம் இல்லாதவர்கள்கூட ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தால், எம்.எஸ்ஸி. வகுப்பு தங்களிடம் என்ன எதிர்பார்க்கும் என்பது விளங்கிவிடும். சொந்த மாநிலத்திலேயே இப்படி ஒரு நிறுவனம் இருப்பதை நான் அறிந்துகொண்டது, வட மாநிலத்து விடுதி அறையில் ஒரு வங்காள மாணவி சொல்லித்தான்.

எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சித் திட்டமும் அப்படித்தான் தெரியவந்தது. 1993 முதல் நடந்துவருவது அது. பேராசிரியர் குமரேசன் தொடங்கியது. பி.எஸ்ஸி. மாணவர்களையும் எம்.எஸ்ஸி. மாணவர்களையும் தேர்ந்தெடுத்து, தங்குமிடமும் உணவும் கொடுத்து, கோடை விடுமுறையில் சில வாரங்களுக்குக் கேள்வி கேட்டே கணிதம் கற்பிக்கிறார்கள். நான் பயிற்சி மையத்தில் அட்டவணை மனப்பாடம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், பின்னாளில் என்னோடு படித்த ஒருத்தி அங்கே கரும்பலகை முன் நின்று வாதாடிக் கொண்டிருந்திருக்கிறாள். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் உங்கள் துறைத் தலைவரிடம் இந்தத் திட்டத்தின் அறிவிப்பு எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள்.

எம்.எஸ்ஸி. முதல் செமஸ்டரில், அல்ஜீப்ரா வகுப்பில் பேராசிரியர் லாக்ராஞ்சி தேற்றத்தை ஒரே வரியில் நினைவுபடுத்திவிட்டு, மறுதலை உண்மையா என்று கேட்டார். ஓர் உட்குலத்தின் வரிசை, அதாவது அதிலுள்ள உறுப்புகளின் எண்ணிக்கை, குலத்தின் வரிசையை வகுக்கும் என்பது தேற்றம். அப்படியானால் வகுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் உட்குலம் இருந்தாக வேண்டுமா என்பது கேள்வி. என்னால் தேற்றத்தின் நிரூபணத்தை உறக்கத்திலும் எழுத முடியும். ஆனால் அந்தக் கேள்விக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அன்று இரவு விடுதித் தாழ்வாரத்தில் ஐந்தாறு மாணவியர் தரையில் உட்கார்ந்து அதைப் பேசினார்கள். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் 12 சேர்ந்த ஏ4 என்ற குலத்தை எடுத்துக்கொண்டார்கள். 6 என்பது 12-ஐ வகுக்கும். 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் அதில் உண்டா? ஒருத்தி சொன்னாள்: இருந்தால் அது குலத்தில் சரிபாதி, எனவே நார்மல் உட்குலம், எனவே ஈவுக் குலத்தில் இரண்டே உறுப்புகள், எனவே எந்த உறுப்பின் வர்க்கமும் அந்த உட்குலத்துக்குள் விழுந்தாக வேண்டும். அடுத்தவள் தொடர்ந்தாள்: மூன்று பொருள்களைச் சுழற்றும் வரிசைமாற்றம் ஒவ்வொன்றும் இன்னொன்றின் வர்க்கம்தானே, அதை நான்கு முறை செய்தால் ஒரு முறை செய்ததற்குச் சமம் அல்லவா? அத்தகையவை ஏ4-இல் 8 இருக்கின்றன. 6 இடம் உள்ள உட்குலத்துக்குள் 8 உறுப்புகள் எப்படி உட்காரும்? அவ்வளவுதான், முடிந்தது. இதில் எனக்குத் தெரியாத கருத்து ஒன்றுகூட இல்லை. நார்மல் உட்குலமும் ஈவுக் குலமும் வரிசைமாற்றமும் மதிப்பெண் வாங்கிக் கொடுத்த பாடங்கள்தாம். அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு விடை காணும் பழக்கம் மட்டும்தான் என்னிடம் இல்லாதிருந்தது.

அந்தப் பேச்சு முழுவதும் இந்தியில் நடந்தது. கையெழுத்தையும் விரல் அசைவையும் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். பிறகு பல இரவுகள் அவர்கள் அருகே போய் உட்கார்ந்து, ஒரு சொல்லும் பேசாமல் எழுதிக்கொண்டு திரும்பினேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. மற்றவர்களின் விடையைப் புரிந்துகொண்டு அசைன்மென்ட்டில் எழுதியதால் இரண்டு செமஸ்டர்களையும் சுமாரான கிரேடுகளோடு கடந்துவிட்டேன். வீட்டுக்குப் பேசும்போது எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன். வாய்விட்டு ஒரு கணக்கைப் பேசாமல் ஓராண்டு படித்தால் என்ன ஆகும் என்பது அப்போது வெளியே தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போது எலக்டிவ் பட்டியல் வந்தது. கம்யூட்டேட்டிவ் அல்ஜீப்ரா, கால்வா கோட்பாடு, அல்ஜீப்ரா எண் கோட்பாடு, முடிவுள்ள குலங்களின் ரெப்ரசென்டேஷன் கோட்பாடு (குல உறுப்புகளை அணிகளாக எழுதிப் படிப்பது), ஃபங்ஷனல் அனாலிசிஸ் முதலியவை அதில் இருந்தன. பி.எச்டி.க்குப் போவதென்றால் கம்யூட்டேட்டிவ் அல்ஜீப்ரா எடுத்தே தீர வேண்டும் என்பது விடுதியில் எல்லாரும் சொன்ன பேச்சு. அந்தப் பாடத்துக்கான முன்தேவையாக அச்சிடப்பட்டிருந்தது முதலாண்டின் இரண்டு அல்ஜீப்ரா தாள்கள். இரண்டிலும் நான் தேர்ச்சி பெற்றிருந்தேன். ஆலோசகர் படிவத்தைப் பார்த்தார், முன்தேவை சரியாக இருக்கிறது என்றார், கையெழுத்திட்டார். ஆனால் இரண்டாம் அல்ஜீப்ரா தாளின் கடைசி அலகு, வெக்டர் வெளிகளின் பொது வடிவமான மாட்யூல்கள் பற்றியது. எங்கள் ஆண்டில் நாட்கள் போதாமல் அந்த அலகை நடத்தவே இல்லை. தாளில் முடிந்ததாகக் கருதப்பட்ட அந்த அலகின் மீதுதான் புதிய பாடம் முழுவதும் நின்றது. இரண்டாம் வாரத்தில் டென்சர் பெருக்கம், அதைத் தொடர்ந்து லோக்கலைசேஷன், நாகயாமா லெம்மா என்று வகுப்பு ஓடியது. எண்களால் ஆன ஓர் எடுத்துக்காட்டுக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்களில் பலர் மாட்யூல்களைக் கோடைப் பயிற்சிகளில் ஏற்கெனவே படித்திருந்தார்கள்.

எதைப் பற்றியும் என்னை எச்சரிக்காத அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் கோபம் தருவது ஒரு தேதிதான். பாடத்தைக் கைவிடுவதற்கான கடைசி நாள் வந்தபோது, முதல் தேர்வின் விடைத்தாளை அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. தாள் கைக்கு வந்தபோது முப்பதுக்கு நான்கு. அதற்குப் பிறகு விலக வழியில்லை. வகுப்புக்குப் போனேன், எழுதிக்கொண்டேன், ஒன்றும் ஏறவில்லை; மெஸ்ஸில் யாராவது அந்தப் பாடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தட்டோடு வேறு மேசைக்குப் போய்விடுவேன். இறுதியில் எஃப் கிரேடு வந்தது. பள்ளியிலிருந்து அதுவரை எனக்கு அரியர் என்ற ஒன்று இருந்ததில்லை. கிரேடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதால் உதவித்தொகையின் 30,000 ரூபாய் நின்றுபோனது. ஒரு செமஸ்டரில் இத்தனை கிரெடிட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற விதியால், குறைந்த கிரெடிட்டை ஈடுகட்ட ஐந்தாம் செமஸ்டர் ஒன்று தேவைப்பட்டது. அதன் கட்டணமும் விடுதிச் செலவும் 46,000. அந்த ஆண்டின் பி.எச்டி. சேர்க்கை கைநழுவியது. அம்மாவிடம் நான்கு மாதங்களுக்கு மறைத்தேன். சொன்னபோது, "பணம் போனா போகுது, சோறு ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நாட்களில்தான் வேறு துறையில் பி.எச்டி. செய்துகொண்டிருந்த மதுரைக்கார அக்கா ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பாடம் எடுக்குறதுக்கு முன்னாடி போன வருஷத்து அசைன்மென்ட்ட வாங்கிப் பார்த்தியா?" அப்படி ஒன்றை வாங்கிப் பார்க்கலாம் என்பதே எனக்குச் செய்தியாக இருந்தது. இன்று என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். பட்டியலில் அச்சிட்டிருக்கும் முன்தேவையை நம்பிப் பாடம் எடுக்காதீர்கள். சென்ற ஆண்டு படித்தவர்களிடம் அந்தப் பாடத்தின் இரண்டாம் அசைன்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது பெரும்பாலும் பழைய பாடத்தை நினைவுபடுத்துவதாக இருக்கும். பாடத்தின் உண்மையான முகம் இரண்டாவதில்தான் தெரியும். கணக்குகளைப் போட முடிய வேண்டும் என்பதில்லை, கேள்வி என்ன கேட்கிறது என்பதாவது பாதிக்கு மேற்பட்டவற்றில் புரிய வேண்டும். புரியாத சொற்களைக் குறித்துக்கொண்டு பாடம் நடத்தவிருக்கும் ஆசிரியரிடமே போய், இவற்றை வகுப்பில் சொல்லித் தருவீர்களா, தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். கைவிடும் தேதிக்கு முன் மதிப்பிட்ட விடைத்தாள் ஏதேனும் கைக்கு வருமா என்றும் கேளுங்கள். வராதென்றால், அந்தத் தேதிக்கு முன் பழைய தேர்வுத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி, தெரிந்தவர் ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து இருக்கிறது. நம் ஊர் பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு முதல் உயர்நிலைப் பாடமாக ஏற்றது முடிவுள்ள குலங்களின் ரெப்ரசென்டேஷன் கோட்பாடு. நேரியல் அல்ஜீப்ராவும் குலங்களும் ஒழுங்காகத் தெரிந்தால் அதில் நுழைந்துவிடலாம். கையால் போட்டுப் பார்க்க முடிகிற கணக்குகள் நிறைய. மூன்று பொருள்களின் வரிசைமாற்றங்கள் 6 சேர்ந்த எஸ்3 குலத்தில் மூன்று இணைவு வகுப்புகள், எனவே மூன்று அடிப்படை ரெப்ரசென்டேஷன்கள், அவற்றின் பரிமாணங்களுடைய வர்க்கங்களின் கூடுதல் 1+1+4=6 என்று அட்டவணையை நிரப்பி முடிக்கும்போது, பெரிய கோட்பாடு ஒன்று கைக்கு அடக்கமாகிவிட்ட நிறைவு வரும். அடுத்தது கால்வா கோட்பாடு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் பாடத்திட்டத்திலும் அது இருப்பதால் உழைப்பு இரட்டைப் பயன் தரும். அதற்குப் பிறகே அல்ஜீப்ரா எண் கோட்பாடு. கம்யூட்டேட்டிவ் அல்ஜீப்ரா உயர்ந்த பாடம்தான். ஆனால் அல்ஜீப்ரா வடிவியலுக்குப் போகிறவர்களுக்கு அது மொழி போன்றது, மற்றவர்களுக்கு ஓராண்டு காத்திருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. எதை எடுத்தாலும் கடினமான பாடங்கள் இரண்டை ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுக்காதீர்கள்.

நான்காம் செமஸ்டரில், கால்வா கோட்பாட்டு வகுப்பில், ஒடிசாவிலிருந்து வந்த ஒருத்தியும் திருச்சூரைச் சேர்ந்த ஒருத்தியும் நானும் சேர்ந்து உட்காரத் தொடங்கினோம். மூவருக்கும் பொதுமொழி உடைந்த ஆங்கிலம் என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. சில விதிகள் தாமாகவே உருவாயின. எதையும் முயலாமல் வெறுங்கையோடு யாரும் வரக்கூடாது. தவறான முயற்சியாக இருந்தாலும் அதை எழுதிக்கொண்டு வர வேண்டும். பலகை முன் நிற்பவருக்கு விடையைச் சொல்லக்கூடாது, ஏன் என்று மட்டும் கேட்கலாம். பேசி முடித்த பின் நோட்டைப் பார்க்காமல் அவரவர் தனியாக அன்றைக்கே எழுத வேண்டும். இந்த மூன்றாவதுதான் மிகவும் கடினமானது, மிகவும் பயன்பட்டதும் அதுவே. கூடிப் பேசும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும். தனியே எழுதும்போதுதான் நடுவில் ஒரு படி காணாமல் போயிருப்பது தெரியும். ஒருமுறை, முழு எண்களோடு √−5 சேர்ந்த வளையத்தில் 6 என்பதை 2×3 என்றும் (1+√−5)(1−√−5) என்றும் இரு வகையாகப் பிரிக்கலாம் என்பதைப் பேசினோம். 2-ஐ மேற்கொண்டு பிரிக்க முடியாது என்று திருச்சூர்ப் பெண் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டு வந்துவிட்டேன். அறையில் எழுத உட்கார்ந்தபோது ஏன் முடியாது என்பதற்கு என்னிடம் விடையில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு நார்ம் (a+b√−5 என்ற எண்ணுக்கு a²+5b²) நினைவுக்கு வந்தது: 2-இன் நார்ம் 4, எனவே காரணி ஒவ்வொன்றின் நார்மும் 2 ஆக இருக்க வேண்டும், ஒரு வர்க்கத்தோடு இன்னொரு வர்க்கத்தின் ஐந்து மடங்கைக் கூட்டி 2 வரவழைக்கவே முடியாது. யாரும் சொல்லித் தராமல் நானாக முடித்த முதல் நிரூபணங்களில் ஒன்று அது.

ஐந்தாம் செமஸ்டரில் எஃப் வந்த பாடத்துக்கு மாற்றாக ரெப்ரசென்டேஷன் கோட்பாட்டை எடுத்து நல்ல கிரேடில் முடித்தேன். மாற்றுப் பாடம் எடுக்க அனுமதி உண்டா, அதே பாடத்தைத்தான் திரும்ப எடுக்க வேண்டுமா என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறுபடும்; பழைய கிரேடு மதிப்பெண் பட்டியலில் அப்படியே நிற்குமா, புதியது அதன் இடத்துக்கு வருமா என்பதும் அப்படியே. எங்கள் நிறுவனத்தில் அது நின்றது. இந்த இரண்டையும் சேரும்போதே கல்விப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துவடிவில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உதவித்தொகைக்குத் தேவையான குறைந்தபட்ச கிரேடு எவ்வளவு என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பி.எச்டி. நேர்காணல்களில் அந்த எஃப் கிரேடைப் பற்றி ஓரிடத்தில் மட்டுமே கேட்டார்கள். மாட்யூல்களை நடத்தாமல் விட்டதையும், பிறகு நானே அவற்றைப் படித்ததையும் இரண்டு வாக்கியங்களில் சொன்னேன். அவர்கள் தலையசைத்துவிட்டு, எஸ்4 குலத்தின் கேரக்டர் அட்டவணையைப் பலகையில் எழுதச் சொன்னார்கள்.